மடியில் தலைசாய்த்த ஈசன்

டெங்கு காய்ச்சலில் என் மகனுக்குத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன இரவில், மருத்துவமனைக் கட்டிலில் அவன் தலையை மடியில் கிடத்தியபடியே, ஒரு ரூபாயைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, நடந்தே வந்து இவனுக்கு முடி இறக்குகிறேன் என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்தான். அந்தக் கடனைத் தீர்க்க இந்தப் புரட்டாசியில் தெருக்காரர்களோடு பெரம்பூரிலிருந்து நடந்தேன்.

பெரியபாளையத்தில் பவானி அம்மனைக் கும்பிட்டுவிட்டு நடந்த சனிக்கிழமை, ஊத்துக்கோட்டை தாண்டுவதற்குள் இரண்டு பாதங்களிலும் கொப்புளங்கள் உடைந்துவிட்டன. ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் ஆரணியாற்றங்கரையில் வருகிற சிற்றூர்தான் சுருட்டப்பள்ளி. சாலையோர வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் என் நடையைப் பார்த்ததுமே கரையேறி வந்து, பம்புசெட்டுத் தொட்டியருகே உட்கார வைத்து, தன் கையாலேயே என் காலைக் கழுவி, மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினார். வயதில் மூத்தவர் காலைத் தொடலாகாது என்று தடுத்தும் கேட்கவில்லை. "மலைக்கு நடக்கிற கால் இது, நீ சும்மா இரும்மா. மேல போனா எங்க ஊருக்கு மழை கேளு, அது போதும்" என்றார்.

அன்று சனிப் பிரதோஷம். சுருட்டப்பள்ளிச் சிவன் கோயில் வாசலில் நெரிசல் தாங்க முடியவில்லை; பணம் கொடுத்தால் உடனே தரிசனம் என்று கையைப் பிடித்திழுத்த தரகர்களை நினைத்தால் இன்னும் மனம் கசக்கிறது, நடந்து வந்தவர்களிடமா பேரம் பேசுவது? அதெல்லாம் பள்ளிகொண்டேஸ்வரர் சந்நிதி வரைக்கும்தான். ஆலகாலம் உண்ட களைப்பில், தேவர்களும் முனிவர்களும் சூழ்ந்து நிற்க, சர்வமங்களாம்பிகையின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார் என் அப்பன். உலகையே காப்பவர் நோவுற்றுப் படுக்க, விழித்திருந்து பார்த்துக்கொள்கிறாள் அம்மா. மருத்துவமனையில் நான் தனியாக விழித்திருந்ததாக எண்ணிய அந்த இரவு கண்முன் வந்தது. "தாயே, நீயும் அங்கேதான் இருந்தாயா?" என்று வாய்விட்டே அழுதேன். பின்னால் நின்றவர்கள் தள்ளவில்லை. அதுவும் அவள் கருணைதான்.

நாகலாபுரம், நாராயணவனம், அலிபிரியின் 3,550 படிகள் எல்லாம் கோவிந்த நாமத்திலேயே கடந்துவிட்டன. பேருந்தில் வந்து சேர்ந்த மகனுக்கு முடி இறக்கி, சந்தனம் பூசிய தலையோடு அவனை அழைத்துக்கொண்டு உண்டியலருகே போய், அந்த ஒரு ரூபாயைச் சேர்த்தேன். எனக்கென்று கேட்க ஒன்றுமில்லை. பாட்டியின் ஊருக்கு மழை கேட்டேன்.