வேண்டாம் என்று சொல்ல முடியாத அறை

காரைக்குடி, ஜூன் 3, 2025

உடலுறவுக்கு வேண்டாம் என்று கணவரிடம் சொல்ல முடியாத பெண்கள் மருத்துவரிடம் இப்படித்தான் வருவார்கள்: அடிவயிற்று வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, தூக்கமின்மை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பயத்தில் இடுப்புத்தளத் தசை (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை) தானாக இறுகும். அந்த நிலையில் உறவு வலிக்கும்; வலித்த நினைவு அடுத்த முறை இன்னும் இறுக்கும். மாத்திரையால் மட்டும் இந்தச் சுற்று அறுபடாது.

ஜூன் 5

'வன்முறை நடக்குதா?' என்றால் 'அதெல்லாம் இல்லைங்க' என்றுதான் பதில் வரும். அடி விழாத வீட்டில் அது பொய்யுமல்ல. இப்படிக் கேளுங்கள்: "வேண்டாம்னா விட்டுருவாகளா? விடலைன்னா மறுநாள் எப்படி இருக்கும்?" விஷயம் வெளிவருவது இரண்டாவது கேள்வியில்தான். கணவரின் பேச்சு நின்றுபோகும், செலவுக்குப் பணம் வராது, 'ஆத்தா வீட்டுக்குப் போ' என்பார், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார். இவற்றுக்குப் பயந்து இணங்குவது சம்மதமே அல்ல. 'நான் தள்ளிவிடலையே' என்று அந்தப் பெண் தன்னையே குற்றம் சொல்வார். அச்சத்தில் உடம்பு மரத்துப்போவது இயல்பு என்பதை அவருக்கு யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

ஜூன் 9

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவைச் (நடு முற்றத்தை) சுற்றி அறைகள், கல்யாணமான மகனுக்கு ஒன்று. மகனையும் மருமகளையும் தனிக்குடும்பமாக 'வேறு வைத்த' பிறகு அடுப்புகூடத் தனி; சத்தம் மட்டும் எல்லாருக்கும் பொது. அது வெளியே கேட்குமே என்ற கூச்சத்தில்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். மாமியார் துணைக்கு வந்திருந்தால், பிரஷர் பார்க்க என்று பெண்ணை மட்டும் உள்ளே கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போகும் சீட்டில் காரணம் எழுத வேண்டாம்.

ஜூன் 14

கர்ப்பப் பயம் இருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரு வேளை, 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி என்றால் 5 நாள் வரை.

கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை. 18 வயது நிரம்பியவரின் சம்மதம் போதும். கணவரின் பலவந்தத்தால் உண்டான கருவும் கருக்கலைப்புச் சட்டத்தின் 24 வார வரம்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று சொல்லிவிட்டது. ஆனாலும் கையெழுத்து கேட்கிறார்கள், அநியாயம்.

ஜூன் 20

18 வயது நிரம்பிய மனைவியிடம் கணவர் பலவந்தமாக உறவுகொள்வதைக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு வன்புணர்வாக எண்ணுவதில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டமோ பாலியல் கொடுமையைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுத்தால் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். வழி தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181. பேசி முடித்ததும் அந்த எண்ணைப் போனின் அழைப்புப் பட்டியலிலிருந்து அழித்துவிடச் சொல்லுங்கள்.