குண்டுவின் பட்டினி: ஒரு மரத்தவளையின் எடைக் குறிப்புகள்

குண்டு ஓர் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. வளர்ந்த பெண். இந்த இனம் சாப்பாட்டு விஷயத்தில் பெயர் போனது. கண்ணெதிரே நகர்வது எதுவானாலும், இடுக்கியைப் பிடித்திருக்கும் விரலே ஆனாலும், ஒருமுறை கவ்விப் பார்த்துவிடும். அப்படிப்பட்ட பிராணி, இரையாக விட்ட சுவர்க்கோழிப் பூச்சி தன் மூக்கின் மேல் ஏறி நடந்தும் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் வளர்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனாலும் முதல் வாரத்தில் நான் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. வளர்ந்த மரத்தவளைக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வேளை உணவு போதும். உடல் சூட்டுக்காக எரிபொருளைச் செலவழிக்காத பிராணி அது. சில நாள் பட்டினி அதை ஒன்றும் செய்துவிடாது. தோல் உரிக்கும் சமயத்திலும், புது இடத்துக்கு மாற்றிய பிறகும் உணவைத் தொடாமல் இருப்பதுண்டு. குட்டித் தவளையென்றால் இந்தப் பொறுமை கூடாது. அதற்கு அநேகமாகத் தினமும் உணவு வேண்டும்; சில நாள் பட்டினியே அதை வாட்டிவிடும்.

நாட்களை எண்ணுவதைவிட எடையைப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி. மூடியுள்ள சிறு டப்பாவில் ஈரத்தாள் விரித்து, டிஜிட்டல் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிய பிறகு தவளையை உள்ளே விடுகிறேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. தவளை தன் சிறுநீர்ப்பையில் நிறைய நீரைச் சேமித்து வைக்கும். கையில் எடுத்ததும் பயத்தில் அதைப் பீய்ச்சிவிடும். ஒரே நொடியில் சில கிராம் காணாமல் போகும். அதனால் எடைக்கு எதிரே ‘நீர் விட்டது’, ‘விடவில்லை’ என்றும் எழுதிவைக்கிறேன். நன்றாக இருந்த காலத்தில் குண்டுவின் எடை 58 கிராம். சந்தேகம் வந்த அன்று 54. அடுத்த எடையில் 52. அதற்கு மேல் சும்மா இருப்பது சரியில்லை.

‘சாப்பிடவில்லை’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எப்படிச் சாப்பிடவில்லை என்று பார்க்க வேண்டும். இரையைக் கண்டும் தலையைத் திருப்பாவிட்டால் குளிர், பயம், நோய் என்ற பக்கம் தேட வேண்டும். பாய்ந்தும் இரை நாக்கில் ஒட்டாமல் நழுவினால் அது பசியின்மையே அல்ல. வைட்டமின் ஏ குறைந்தால் நாக்கில் பசைபோன்ற திரவத்தைச் சுரக்கும் திசு கெட்டுவிடும். தவளை திரும்பத் திரும்பக் குறி வைக்கும், இரை கிடைக்காது; வெளியிலிருந்து பார்ப்பவர் ‘உணவில் நாட்டமில்லை’ என்பார். கவ்விவிட்டுத் துப்பினால் வாய்க்குள் புண்ணோ, தாடை மென்மையாகிவிட்ட கால்சியக் குறைவோ இருக்கலாம். வயிறு உப்பி, எச்சமும் போடாமல் இருந்தால் சரளைக் கல்லோ நாரோ குடலை அடைத்திருக்கலாம்.

குண்டு இந்த வகைகளில் எதிலும் முழுதாக அடங்கவில்லை. சுவர்க்கோழி நகர்ந்தால் தலை மெல்லத் திரும்பும். முன்னங்கால் ஒன்றை எடுத்து வைக்கும். அத்தோடு சரி, கண்கள் பாதி மூடிக்கொள்ளும். நிறமும் வழக்கமான பச்சையாக இல்லை, காய்ந்த இலைப் பழுப்பு. இந்த இனம் சூழலுக்கேற்ப நிறம் மாற்றக்கூடியதுதான். ஆனால் நாள் முழுக்கப் பழுப்பாகவே இருந்தால் குளிரையோ மன உளைச்சலையோ சந்தேகிக்கலாம். காதுச் சவ்வுக்கு மேலே இருக்கும் கொழுப்பு மடிப்புதான் என்னை அதிகம் உறுத்தியது. நல்ல சதைப்பிடிப்புள்ள தவளையில் அது தடித்த வரம்பாகத் தெரியும். குண்டுவுக்கு அது தட்டையாகிக்கொண்டிருந்தது.

முதலில் வெப்பத்தைச் சரிபார்த்தேன். பருவம் மாறி இரவுகள் குளிரத் தொடங்கியிருந்தன. வெப்பமானியின் உணர்முனையைக் குண்டு தூங்கும் கிளையிலேயே கட்டி இரவு முழுக்க விட்டதில் குறைந்தபட்சம் 17 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருந்தது. இந்த இனத்துக்குப் பகலில் 24 முதல் 29 வரை வேண்டும். இரவில் 20-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. குளிரில் தவளையின் செரிமானமே மந்தமாகிவிடும். அந்த நிலையில் உள்ளே போன இரை வயிற்றிலேயே கிடந்து கெடும். ஆகவே அது சாப்பிட மறுத்ததில் ஒரு நியாயம் இருந்தது.

வெப்பத் தகடு ஒன்றைத் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டி, தெர்மோஸ்டாட்டுடன் இணைத்தேன். அடியில் ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. ஈரத் தரையோடு வயிறு ஒட்டி உட்காரும் பிராணிக்குக் கீழிருந்து சூடு வருவது ஆபத்து. சூடு கூடினால் ஈரம் குறையும் என்பதால் மாலையில் கூடுதலாக ஒருமுறை நீர் தெளித்தேன். தவளை வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் நீர்க் கிண்ணத்தைத் தினமும் மாற்றுகிறேன், குளோரினை நீக்கும் மருந்து சேர்த்த நீர்தான் ஊற்றுகிறேன். குழாய் நீரைத் திறந்து வைத்துவிட்டால் குளோரின் போய்விடும் என்பது பாதி உண்மை. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த நீரென்றால் ஓர் இரவு வைத்தாலும் அது போகாது.

ஓரிரு நாளில் பழுப்பு விலகிப் பச்சை திரும்பியது. எனக்கு மகிழ்ச்சி, தராசுக்கு இல்லை: 51.

இந்த இடத்தில் பலரும் சொல்லும் யோசனை, வாயைத் திறந்து உணவைத் திணிப்பது. இதை நான் அடியோடு வெறுக்கிறேன். தவளையின் தாடை எலும்பு மெல்லியது. தெரியாத கை நெம்பினால் உடைந்துவிடும். கால்சியம் குறைந்த தவளை என்றால் கேட்கவே வேண்டாம். நான் செய்தது வேறு. தொட்டியின் தரையிலிருந்த மண்ணை முழுக்க அகற்றி ஈரமான டிஷ்யூ தாள் விரித்தேன். விழுங்குவதற்கு ஒன்றும் இருக்காது, எச்சம் விழுந்தால் உடனே தெரியும். தினமும் சிறிது நேரம், கை வைத்தால் குளிராத அளவுள்ள நீரில், அதன் தாடையைத் தொடாத ஆழத்தில் உட்கார வைத்தேன். அதில்தான் ஒரு நாள் எச்சம் போட்டது. சளி சுற்றியிருந்தது, உள்ளே செரிக்காத சுவர்க்கோழிக் கால்கள் அப்படியே கிடந்தன.

அதை உலரவிடாமல் சிறு டப்பாவில் போட்டு, தவளையையும் எடுத்துக்கொண்டு, நீர்நில வாழ்விகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போனேன். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் தவளை பார்ப்பதில்லை. முன்பே கேட்டுக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும். அவர் கையுறையை ஈரப்படுத்திக்கொண்டு தூக்கினார், வழவழப்பான பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் வாயைத் திறந்து பார்த்தார், மல்லாக்கப் போட்டுத் தானாகத் திரும்புகிறதா என்று கவனித்தார். உடனே திரும்பிக்கொண்டது. கைட்ரிட் பூஞ்சைக்காகத் தோலைத் துடைத்து மாதிரியும் எடுத்தார். 1999-ல் பெயரிடப்பட்ட அந்தப் பூஞ்சை உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவருவது. பசியின்மை, சோர்வு, அளவுக்கு மீறித் தோல் உரிவது எல்லாம் அதன் அறிகுறிகள். பூஞ்சை இல்லை என்று முடிவு வந்தது. எச்சத்தில் மட்டும் உருளைப்புழு முட்டைகள் ஏராளம்.

“கொஞ்சம் புழு இருப்பது சகஜம். இது கொஞ்சம் இல்லை,” என்றார் மருத்துவர். எடைக்கேற்ப பென்பெண்டசோல் என்ற புழு மருந்தை வாயில் விட்டார், இரண்டு வாரம் கழித்து மறுவேளை. அளவை இங்கே எழுதப்போவதில்லை. 50 கிராம் பிராணிக்கு ஒரு துளி கூடினாலும் பெரிய வித்தியாசம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்துக்குப் பிறகும் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. உணவை மாற்றிப் பார்த்தேன். சுவர்க்கோழியை விட்டால் துள்ளி ஒளிந்துகொள்ளும், சாப்பிடாத இரை இரவில் தவளையின் தோலையே கடிக்கும். மண்புழு மெதுவாக, நிறுத்தாமல் நெளியும். அசைவு முக்கியம். சின்னதாக, கருமையாக, நகர்ந்துகொண்டிருக்கும் பொருளுக்குத் துடிக்கும் நரம்பிழைகள் தவளையின் கண்ணில் இருப்பதை 1959-லேயே லெட்வின் என்ற விஞ்ஞானியின் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். அசையாத இரை அதற்கு இரையே இல்லை.

விளக்கை அணைத்து, அறை இருட்டிய பிறகு, மண்புழுவின் துண்டொன்றை இடுக்கி நுனியில் பிடித்து மூக்கிலிருந்து சற்றுத் தள்ளி ஆட்டினேன். தலை திரும்பியது. பின்னங்கால் விரல்கள் லேசாகத் துடித்தன. இது பாயப்போவதற்கு அடையாளம். ‘சப்’ என்று ஓசை. புழுவின் பாதி வெளியே தொங்க, முன்னங்கைகளால் அதை உள்ளே தள்ளிக்கொண்டது. பிறகு கண்கள் இரண்டும் தலைக்குள் அமிழ்ந்தன. தவளை விழுங்கும்போது கண்விழிகள் உள்ளிறங்கி இரையைத் தொண்டைக்குத் தள்ளும். முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு வலியில் கண் மூடுவதுபோலத் தோன்றும். எனக்கு அன்று அதைவிட இனிய காட்சி இல்லை.

வெப்பம் மட்டும் போதுமாக இருந்ததா, புழுக்கள்தான் காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. குளிரில் தவளையின் எதிர்ப்பாற்றல் தளரும், அந்த இடைவெளியில் புழு பெருகும். இரண்டும் கைகோத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்போது எடை 54. மடிப்பு கொஞ்சம் தடித்திருக்கிறது. இத்தனை நாள் பட்டினிக்கு ஈடாக வாரிக் கொடுக்க ஆசைதான். ஆனால் ஓய்ந்திருந்த குடலுக்குப் பெரிய இரை ஆகாது. சிறு துண்டுகள், நடுவே இரண்டு நாள் இடைவெளி, வாரம் ஒரு முறை வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடி. இரையாகப் போகும் சுவர்க்கோழிகளுக்கும் முந்தைய நாள் கீரையும் காரட்டும் போட்டு வயிற்றை நிரப்புகிறேன், ஏனென்றால் வெறும் சுவர்க்கோழியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். இன்னொரு முறை எச்சம் பரிசோதித்துப் புழு இல்லை என்று தெரிந்த பிறகே மண்ணும் செடியும் தொட்டிக்குள் போகும். அதுவரை டிஷ்யூ தாள்தான். பார்க்க அழகில்லை, ஆனால் தினமும் மாற்றிவிடலாம்.