20 அடி அகல மனையில வீடு: எல்லையில இருந்து எவ்வளவு விட்டோம்

மதுரை அவுட்டர்ல எங்களுக்கு 20க்கு 60 மனை. கட்டப்போறோம்னு சொன்னதும் ஆளாளுக்கு ஒரு கணக்கு. மாமா சுத்தி 5 அடி விடணும்கறாரு, மேஸ்திரி "ஒண்ணும் விட வேணாம் சார், யாரு கேக்கப் போறா"ங்கறாரு. ரெண்டு பக்கமும் 5 விட்டா மிச்சம் 10 அடி, வீடு இல்ல அது, ரயில் பெட்டி.

இஞ்சினியர் 2019ல வந்த தமிழ்நாடு கட்டட விதிகளை எடுத்துக் காட்டினாரு. எங்க மாதிரி குறுகின மனை, கீழயும் மேலயும் ஒரு வீடு, உயரம் 7 மீட்டருக்குள்ளன்னா பக்கவாட்டுல ஒரு பக்கம் மட்டும் 1 மீட்டர் விட்டா போதும். முன்னாடி 20 அடி தெரு, அதனால 1.5 மீட்டர். கணக்கு அவ்வளவுதான், ஆனா அந்த 1 மீட்டரை எங்க இருந்து அளக்கறதுங்கறதுல தான் வேலையே இருக்கு.

எல்லைக் கல்லு ஒண்ணும் காணோம். சர்வேயருக்கு எழுதிப் போட்டு அவர் புலப்படத்தோட (மனை அளவு இருக்கற அரசாங்க வரைபடம்) வந்து அளந்தா முன்னாடி 20 அடி சரியா இருக்கு, பின்னாடி 19 அடி 7 இன்ச் தான் வருது. பக்கத்து காம்பவுண்ட் லேசா வளைஞ்சு வந்திருக்கு. 5 இன்சுக்கு கோர்ட்டுக்கு போறதெல்லாம் வேலைக்காகாதுங்கறது என் கருத்து. பத்திரம், பட்டா, தரை அளவு மூணுல எது கம்மியோ அதை வெச்சே பிளான் போடச் சொல்லிட்டேன்.

அடுத்தது எந்தப் பக்கம் விடறதுன்னு. மேற்கு வீட்டு அண்ணே வந்து, "தம்பி, நீங்க ஒட்டிக் கட்டுனா என் ஜன்னல் வெளிச்சம் பூரா போயிருமே"ன்னாரு. வெளிச்சம், காத்துக்கு உரிமை கேக்கணும்னா 1882 ஈஸ்மென்ட் சட்டப்படி (அடுத்தவர் இடத்து மேல வர்ற அனுபவ உரிமை பத்தின சட்டம்) 20 வருஷம் தடையில்லாம அனுபவிச்சிருக்கணும், அவர் வீடு கட்டியே எட்டு வருஷம் தான். ஆனா அதைப் பேசி என்ன ஆகப்போகுது, காலம்பூரா மூஞ்சில முழிக்கணும்ல, அந்த 1 மீட்டரை அவர் பக்கமே விட்டுட்டோம்.

கிழக்கு காலி மனை, அங்க எல்லையை ஒட்டி சுவர். இதுல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. சுவர் கோட்டுக்குள்ள இருந்தா மட்டும் பத்தாது, மண்ணுக்குள்ள போற ஃபூட்டிங்கும் (தூணைத் தாங்கற அகலமான அடித்தளம்) அடுத்தவன் இடத்துக்குள்ள போகக்கூடாது, அதனால அந்த வரிசை தூணுக்கெல்லாம் ஃபூட்டிங்கை நம்ம பக்கமா தள்ளிப் போட்டு உள்தூணோட பீம் வெச்சு கட்டினாங்க, கம்பி செலவு கூடுச்சு. அந்தப் பக்கம் ஜன்னல் இல்ல, சன்ஷேட் இல்ல, மழைத்தண்ணி பைப்பும் உள்ளாடியே இறக்கியாச்சு. மனைக்காரருக்கு போன் போட்டு சாரம் கட்டிக்கிறோம்னு கேட்டு வெளிப்பூச்சையும் கையோட முடிச்சிட்டோம், நாளைக்கு அவர் ஒட்டிக் கட்டிட்டா கரண்டி கூட உள்ள போகாது, அப்புறம் ஈரம் இறங்குனா ஒண்ணும் பண்ண முடியாது.

மேற்குல சன்ஷேட் 2 அடி வைக்கலாம்னு கொத்தனார் ஒரே பிடி. சன்ஷேட் போக எல்லைக்கு அரை மீட்டராவது இருக்கணும். 1 மீட்டர்ல 2 அடி போனா மிச்சம் 39 சென்டிமீட்டர் தான், ஒன்றரை அடின்னா 54 நிக்குது. ஒன்றரையே வெச்சோம்.

அனுமதி 2024 ஜூலைல வந்த செல்ஃப் சர்டிஃபிகேஷன்ல, அதாவது விதிப்படி தான் கட்டறோம்னு நாமளே உறுதி கொடுக்கற முறையில போட்டோம். 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500க்குள்ள கட்டடம்னா ஆன்லைன்லயே முடியுது, பணம் கட்டுனதும் ஆர்டர் கைக்கு வந்திருச்சு. ஆனா பிளான் ஒண்ணு, தரையில ஒண்ணுன்னு ஆனா கேள்வி நம்மகிட்ட தான் வரும். அதனால மார்க்கிங் அன்னைக்கு நானே டேப்போட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டேன், பூச்சுக்கும் சேத்து ஒரு இன்ச் கூடவே விடச் சொன்னேன், மேஸ்திரிக்கு கொஞ்சம் கடுப்பு தான்.