78,000 ரூபாய் மானியம் வேண்டாம் என்று 2 கிலோவாட் சோலார் போட்ட கதை

சோலார் போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது?" என்பதைத்தான். பலருக்குத் தெரியாது. பில் தொகை மட்டும் தெரியும். தமிழ்நாட்டில் சோலார் கணக்கு முழுக்க அந்த யூனிட்டில்தான் இருக்கிறது.

எங்கள் வீடு மதுரையில். ஒரு ஏசி, ஒரு ஃபிரிட்ஜ், மோட்டார், வழக்கமான சாமான்கள். வெயில் கால பில்கள் மூன்றும் 700 யூனிட் பக்கம் வரும், மற்ற மூன்றும் 450 பக்கம். 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு 700 யூனிட்டுக்கு 3,825 ரூபாய். அப்போதுதான் பில்லை வரி வரியாக வாசித்தேன்.

2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை காணாமல் போய்விடும். 101லிருந்து 400 வரை எல்லாமே 4.70. அதற்கு மேல் 500 வரை அதே 6.30, மேலே போகப் போக 8.40, 9.45, 10.50, 1000 தாண்டினால் 11.55. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர் 510 ஓட்டினால் 2,124 கட்ட வேண்டும். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் நம் ஆட்கள் ஏன் அவ்வளவு பதறுகிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு மானியம் தரும் பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 2 கிலோவாட் வரை ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் அதே 78,000தான். விளம்பரங்களில் எல்லாம் இந்த எண்தான் கொட்டை எழுத்தில் இருக்கும்.

விலை கேட்க வந்த நிறுவனங்களில் எதுவும் 2 கிலோவாட் என்று வாயைத் திறக்கவில்லை. "சார், 3 போடுங்க சார், பில் ஜீரோ ஆயிரும். 78,000 அப்படியே அக்கவுண்ட்டுக்கு வந்துரும்" என்றார் ஒருவர். 3 கிலோவாட்டுக்கு அவர் சொன்ன விலை 2,05,000. நான் வற்புறுத்திக் கேட்ட பிறகு 2 கிலோவாட்டுக்கு 1,45,000 என்றார். மானியம் போக ஒன்று 1,27,000, இன்னொன்று 85,000. வித்தியாசம் 42,000.

இந்த 42,000 எனக்கு என்ன தரும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் ஊரில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. என் 700ல் அது கழிந்தால் மீதி 220, அதற்கு பில் 329 ரூபாய். அதாவது முதல் 2 கிலோவாட் ஒரு கோடை பில்லில் 3,496 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. மூன்றாவது கிலோவாட் அந்த மீதி 329ஐ மட்டும்தான் மிச்சப்படுத்தும். 450 யூனிட் ஓடும் மாதங்களில் 2 கிலோவாட்டிலேயே பில் காலி, மூன்றாவதுக்கு அங்கே வேலையே இல்லை. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்காக 42,000. பேனலுக்கு 25 வருட வாரண்டி, போட்ட காசு திரும்ப நாற்பது வருடத்துக்கு மேல். (இது யூனிட் கட்டணத்தை மட்டும் வைத்துப் போட்டது. சில்லறைக் கட்டணங்கள் தனி.)

காரணம் எளிது. சோலார் யூனிட் பில்லை மேலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறது. முதலில் 9 ரூபாய் யூனிட் போகும், அப்புறம் 8, 6, 4 என்று இறங்கி, கடைசியில் அரசு சும்மா தருகிற 100 யூனிட்டை நாம் காசு போட்டுத் தயாரித்துக்கொண்டிருப்போம். அந்த "பில் ஜீரோ" ஆசையில் கடைசியாகப் போடும் பேனல்தான் ஆகக் குறைவாகச் சம்பாதிக்கும் பேனல்.

இதைக் கேட்டுவிட்டு என் அக்கா, "அப்ப எனக்கும் 2 போதுமாடா?" என்றாள். அவள் வீட்டில் இரண்டு ஏசி, மாமியார் மாமனார், பிள்ளைகள் என்று 1200 யூனிட் ஓடும். அவளுக்கு 2 கிலோவாட் போட்டால் 9,180 ரூபாய் பில் 4,014 ஆகும். 3 போட்டால் 1,679. மூன்றாவது கிலோவாட் ஒரு பில்லில் 2,335 ரூபாய் சம்பாதிக்கும். மற்ற மாதங்களில் கொஞ்சம் குறைந்தாலும் 42,000 நாலைந்து வருடத்தில் வந்துவிடும். அவளை 3 போடச் சொன்னேன்.

சரி, எங்கள் வேலைக்கு வருவோம். மின் இணைப்பு காலமான அப்பா பெயரில் இருந்தது. விண்ணப்பிக்கிறவர் பெயரும் இணைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எனவே முதலில் வாரிசுச் சான்று, வீட்டுப் பத்திரம், வரி ரசீது என்று பெயர் மாற்றம். மொத்த வேலையில் அதிக அலைச்சல் இதில்தான். வீடு கட்டிய காலத்தில் வாங்கிய லோடு, அதாவது இணைப்புக்கு அனுமதித்த மின் அளவு, 1 கிலோவாட்தான். லோடைவிட அதிகமாக சோலார் போட முடியாது, அதற்கும் பணம் கட்டி உயர்த்தினோம். பெயர் மாற்றத்தோடு சேர்த்தே இதையும் கேட்டுவிட்டால் ஒரு அலைச்சல் மிச்சம்.

சூர்ய கர் திட்டத்தின் இணையப் போர்ட்டலில் பதிவு செய்வது சுலபம். மின் இணைப்பு எண், மொபைல் எண், அவ்வளவுதான். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஒப்புதல் என்று 2024ல் விதியை மாற்றிவிட்டார்கள். மானியம் வேண்டுமென்றால் பேனலுக்குள் இருக்கும் சோலார் செல் உள்நாட்டில் தயாரானதாக இருக்க வேண்டும். எங்களிடம் ஒருவர் விலை குறைத்துச் சொன்னது இறக்குமதி செல் வைத்த பேனலுக்கு. மானியத்தைக் கழித்துப் பார்த்தால் அது விலை அதிகம். கொட்டேஷனில் பேனல் வகை, பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரின் உயரம், எர்த்திங், நெட் மீட்டர் (நாம் எடுக்கும் கரண்ட்டையும் வெளியே கொடுக்கும் கரண்ட்டையும் தனித்தனியாக அளக்கும் மீட்டர்) செலவு எல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட இடம் வேண்டும் என்று மனைவி சொன்னதால் நாங்கள் ஸ்ட்ரக்சரை ஆள் உயரத்துக்குத் தூக்கினோம். அதற்கு அவர்கள் தனியாகக் கேட்டார்கள், பேசிக் குறைத்தோம். பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் மதியம் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் இடம் குறித்தோம்.

பேனல் ஏற்றுவது சீக்கிரம் முடிந்துவிட்டது. நெட் மீட்டர்தான் இழுத்தது. பேனல் மேலே வெயில் காய்கிறது, கீழே பழைய மீட்டர் சுற்றுகிறது. "நாமளே ஆன் பண்ணிப் பாத்துக்கலாமா?" என்று வேலை செய்த பையனைக் கேட்டேன். "வேணாம் சார், பழைய மீட்டர் வெளிய போற கரண்ட்டையும் நீங்க எடுத்ததாத்தான் எழுதும்" என்றான். உண்மைதான், பல பழைய மின்னணு மீட்டர்களுக்குத் திசை தெரியாது. பொறுத்திருந்தோம். மீட்டர் வந்து, ஆய்வு முடிந்து, போர்ட்டலில் வங்கிக் கணக்கைக் கொடுத்த பிறகு 60,000 வந்தது. முழுத் தொகையையும் நாம் முதலில் கட்டிவிட்டுத்தான் மானியத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கையில் இல்லாதவர்களுக்கு 2 லட்சம் வரை அடமானமில்லாக் கடன் இருக்கிறது.

எங்களுக்கு வருடத்துக்குச் சுமார் 15,000 ரூபாய் மிச்சமாகும் கணக்கு. 85,000ஐ 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் 6,000கூட வராது. ஆனால் வங்கியில் முதல் அப்படியே இருக்கும், பேனல் தேயும், சோலார் இன்வெர்ட்டரை (பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் பெட்டி) நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அதையெல்லாம் கழித்தாலும் சோலார்தான் மேல் என்பது என் கணக்கு. ஏசி இல்லாமல் 300 யூனிட் ஓட்டும் குடும்பத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அந்த 2024 கட்டணத்தில் அவர்கள் கட்டுவதே 705 ரூபாய்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் இரண்டு விஷயங்கள். கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் விற்றுவிடாதீர்கள். அப்புறம், மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் பகலில் மட்டும் ஓட்டச் சொல்லி வீட்டில் சண்டை போட வேண்டாம். நெட் மீட்டரில் பகலில் கொடுத்த யூனிட்டும் ராத்திரி எடுத்த யூனிட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும், எப்போது ஓட்டினாலும் பில் அதேதான்.