பின் காலிப்பர் எங்கே இறுகுகிறது
முன் பிரேக் உழைத்துத் தேயும். பின் பிரேக் சும்மா இருந்தே கெடும். பிரேக் மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் போய்விடுவதால் பெரும்பகுதி வேலையை முன் சக்கரங்களே பார்த்துவிடுகின்றன. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பாகம்தான் காலிப்பர்; பின் காலிப்பரில் ஈரம் தங்கித் துரு ஏறும். பழைய கார்களில் நான் கழற்றுபவை பெரும்பாலும் இப்படி இறுகியவைதான்.

முதலில் டிஸ்க்கில் உரசும் பேடுகளைப் பார்ப்பேன். உள்பேடு மட்டும் தகடு தெரியத் தேய்ந்து, வெளிப்பேடு தடியாக இருந்தால் ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் கம்பி) இறுகியிருக்கும், இல்லையென்றால் பிஸ்டன் (ஆயில் அழுத்தத்தில் பேடைத் தள்ளும் உருளை) பழைய இடத்துக்குத் திரும்பாமல் நிற்கும். ஸ்லைடு பின்னைக் கையால் இழுத்துப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. மிதிக்கும்போது சதுர வெட்டு ரப்பர் சீல் பிஸ்டனோடு சேர்ந்து லேசாக வளையும்; காலை எடுத்ததும் நிமிர்ந்து, பிஸ்டனையும் கூட்டிக்கொண்டு வரும். அவ்வளவுதான் ஏற்பாடு. சீல் உட்காரும் பள்ளத்தில் துரு சேர்ந்தால் அது சீலைப் பின்னாலிருந்து தள்ளிப் பிஸ்டனை நெரிக்கும். புது சீல் கிட் போட்டும் மறுபடி ஜாம் ஆகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் இந்தப் பள்ளத்தின் மேல்தான். வளைந்த ஊசியால் மெல்லச் சுரண்டினால் பழுப்புப் பொருக்கு சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். உலோகம் சுத்தமாகத் தெரியும்வரை விடுவதில்லை. பிஸ்டனில் சீல் உரசும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால் பிஸ்டனே புதிது. எமரி தேய்த்துச் சமாளிக்கும் வேலை எனக்குப் பிடிக்காது.

ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கும் வகையில் பெரும்பாலும் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் வைத்து அழுத்தினால் பேடு தேயத் தேய ஈடுகொடுக்கும் அட்ஜஸ்டர் போச்சு. அப்புறம் சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊதிவிடும். சீலுக்குப் புது பிரேக் ஆயில், ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ்.

மாட்டும்போது ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே வருகிறதா என்று பாருங்கள். இடது வலது மாறினால் அது கீழே போய்விடும், எத்தனை முறை மிதித்தாலும் காற்று முழுசாக வெளியேறாது. எல்லாம் சரியாக இருந்தும் மிதித்துவிட்ட பிறகு சக்கரம் இறுகியே நின்றால், நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பார்ப்பேன். உடனே சக்கரம் சுற்றினால் காலிப்பர் நன்றாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் உள்ளே உப்பிய ரப்பர் ஹோஸ்தான் ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.