மவுண்டன் பைக்குக்கு லேசான ரிம்

ரிம் வாங்கும்போது பலரும் ரிம்மின் எடையை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஓட்டுகிறவர் எடையை யார் பார்ப்பது? 60 கிலோ ஆளுக்கு 28 ஸ்போக் போட்ட 400 கிராம் அலுமினிய ரிம் தாராளம். 95 கிலோ ஆள் அதையே பின்சக்கரத்தில் போட்டுக் கல்பாதையில் இறங்கினால் சீக்கிரம் நெளிந்துவிடும். பாரமும் அடியும் பின்னால்தான் அதிகம். அதனால் முன்னால் லேசானது, பின்னால் 500 கிராமுக்கு மேல், 32 ஸ்போக்; இதுதான் என் கட்சி. 2.4 அங்குல டயருக்கு ரிம்மின் உள் அகலம் 30 மில்லிமீட்டர் போதும்.

அப்புறம், எவ்வளவு நல்ல ரிம்மாக இருந்தாலும் ஸ்போக் கம்பிகளின் இறுக்கம் சமமாக இல்லாவிட்டால் சக்கரம் கோணல்தான். விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் தொளதொளவென்று ஒலித்தால் அன்றைக்கே முறுக்கிவிடுங்கள்.