வெள்ளைச் சீருடையும் வரவு இடாப்பும்

புதிதாகக் கெமரா வாங்கிய தம்பிமார் இடைக்கிடை என்னிடம் வருவார்கள். “அண்ணன், ஸ்கூல் போட்டோ செய்யலாமெண்டு யோசிக்கிறன், எந்த லென்ஸ் நல்லம்?” என்பதுதான் முதல் கேள்வி. 50 மில்லிமீற்றர் ஒன்று இருந்தால் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டு, எக்செல் தெரியுமா என்று கேட்பேன். முகம் சுருங்கிவிடும். பெயர்ப்பட்டியல் போடுவதற்கா கெமரா வாங்கினோம் என்ற யோசனை அந்த முகத்திலேயே தெரியும். ஆனால் இந்தத் தொழிலில் பாதி வேலை அதுதான்.

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கையுதவி வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று அலைந்து, பிறகு தனியாகப் பள்ளிக்கூடப் படம் எடுக்கத் தொடங்கியவன் நான். கல்யாண வீட்டுப் பழக்கம் இங்கே அவ்வளவாக உதவாது. அங்கே 1000 படம் எடுத்து 100 நல்லதாக வந்தால் அல்பம் நிறைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் 400 பிள்ளைகள் என்றால் 400 படமும் சரியாக வரவேண்டும். 399 வீட்டுக்குப் பிடித்து, ஒரு பிள்ளை மட்டும் கண்ணை மூடியபடி இருந்தால், அந்த ஒரு வீட்டைப் பொறுத்தவரை நான் படமே எடுக்கவில்லை.

ஒரே வகுப்பில் மூன்று தர்ஷிகா இருப்பார்கள். அதில் இரண்டு பேருக்கு முதலெழுத்தும் ஒன்றாக இருக்கும். ரீச்சர் சொல்லச்சொல்ல எழுதினால் ஒரு எழுத்துப்பிழை கட்டாயம் வரும். அதனால் பெயரை நம்பாமல், பள்ளிக்கூடத்தில் சேரும்போது கொடுக்கும் சேர்விலக்கத்தை நம்பப் பழகிக்கொண்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைக்கு ஒரே சேர்விலக்கம் இருக்காது. போகுமுன்னமே வகுப்பாசிரியரிடம் வரவு இடாப்பின் பிரதி ஒன்றை வாங்கி, இலக்கத்தையும் பெயரையும் துண்டுத் தாள்களில் பெரிதாக அச்சடித்துக்கொண்டு போவேன். பிள்ளை கதிரையில் இருந்ததும் துண்டைப் பிடித்தபடி ஒரு படம். மறுகா துண்டை மடியில் வைத்துவிட்டு மூன்று படம். கணினியில் போடும்போது படத்தின் பெயரே சேர்விலக்கம்தான். இரட்டைப் பிள்ளைகள் வந்தால் இந்தத் துண்டுத்தாளைத் தவிர வேறு துணை கிடையாது.

நேரமும் அப்படித்தான் பார்க்கவேண்டும். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் 11.30க்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதோடு, இடைவேளை முடிந்து வரும் சின்னப் பிள்ளையின் முகத்தில் பவுடர் கரைந்து கோடு விழுந்திருக்கும், சேட்டில் பருப்புக்கறி இருக்கும். ஆகவே காலைக்கூட்டம் முடிந்த கையோடு அவர்களைத்தான் கூப்பிடவேண்டும். பெரிய வகுப்புகள் கடைசி. உயர்தரப் பிள்ளைகள் தலைவாரிக்கொள்ளவே ஒரு பாடவேளையை எடுப்பார்கள், அது வேறு கதை.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நம்முடைய பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் பெண்பிள்ளைகள் பாடசாலை என்றால் தலையிலும் வெள்ளை. கெமராவின் ஒளிமானி முன்னால் இருப்பதெல்லாம் சராசரியில் 18 சதவீதச் சாம்பல் என்று எண்ணித்தான் அளக்கிறது. வெள்ளை நிறைய இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று தானாகவே குறைக்கும். சீருடை மங்கும், அதோடு சேர்ந்து முகமும் கறுக்கும். தானியங்கி முறையில் எடுத்த பள்ளிப் படங்களில் பிள்ளைகள் எல்லோரும் வாடிப்போய்த் தெரிவதற்குக் காரணம் இதுதான். நான் மனுவலில்தான் எடுப்பது. முகத்துக்குக் கிட்ட வைத்து ஒளியை அளந்து, பிளாஷின் அளவையும் தூரத்தையும் ஒரேயடியாக நிர்ணயித்துவிட்டு, கதிரைக் கால்கள் நிற்கவேண்டிய இடத்தில் நிலத்தில் ரேப் ஒட்டிவிடுவேன். கடைசிப் பிள்ளை எழும்பும்வரை அந்தக் கணக்கைத் தொடமாட்டேன். வெள்ளைக் கொலரில் விவரம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, முகம் போகக்கூடாது.

மரநிழல் நல்லது என்று சிலர் சொல்வார்கள். வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தினால் முகத்தில் பச்சை ஏறிவிடும். அரைச்சுவர் வகுப்பறையில் இரண்டு பக்கத்தாலும் வெளிச்சம் வந்து கன்னத்தில் அடிக்கும். பள்ளிக்கூடத்து மண்டபம் கிடைத்தால் அதை விடவேண்டாம். கிடைக்காவிட்டால் மேல்மாடி நடைவழியின் ஒரு மூலை.

இவ்வளவும் பார்த்து எடுத்துக் கொடுத்த பிறகு, “மகள்ற முகத்தக் கொஞ்சம் வெளுப்பா வெச்சுத் தாங்க மனே” என்று ஒரு தாய் வந்து நிற்பார். கேட்பவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊரிலுள்ள கல்யாண அல்பங்களைப் பார்த்து வந்த ஆசை அது. அந்த ஆசையை வளர்த்தது எங்கள் ஸ்ரூடியோக்காரர்கள்தான். ஆனால் பள்ளிக்கூடப் படத்தில் நான் அதைச் செய்வதில்லை. ஒரு வகுப்பில் ஐந்து பிள்ளையை மட்டும் வெளுக்கவைத்தால் மிச்சம் இருக்கிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? பருவை அழிப்பேன், காய்ச்சல் புண்ணை அழிப்பேன், அவை அடுத்த மாதம் இருக்கப்போவதில்லை. நிறத்தைத் தொடமாட்டேன். இதனால் ஒன்றிரண்டு ஓடர் கைவிட்டுப் போனது உண்மை. போகட்டும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போனால் வேறு சில விசயங்கள் கண்ணில் படும். ஒரு வகுப்புக்கு இரண்டோ மூன்றோ கழுத்து ரைதான் இருக்கும். படம் எடுத்து எழும்பும் பிள்ளை கழுத்திலிருந்து கழற்றி, வரிசையில் அடுத்ததாக நிற்கும் பிள்ளையின் தலைக்கு மேலால் போட்டுவிடும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கடைசியில் அந்த ரையின் முடிச்சு வேர்வையில் நனைந்து சுருங்கிப் போயிருக்கும். இப்போது நானே நான்கைந்து ரை வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். வகுப்புக் குழுப்படத்தில் இதைவிடச் சிக்கல் பாதம். முன்வரிசையில் கதிரையில் இருப்பவர்களின் கால்கள் முழுதாகத் தெரியும். சப்பாத்து இல்லாத பிள்ளைகளை ரீச்சர் முன்னுக்குக் கூப்பிட்டால், ‘உயரம் சரிவரேல்ல, இவர் இரண்டாம் வரிசைக்கு வரட்டும்’ என்று சொல்லி மாற்றிவிடுவேன். உயரத்தைச் சொன்னால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

பயணம் தனி வேலை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போவது இலகு. அதற்கு முதல் மோட்டார் சைக்கிளில் லைட் ஸ்ராண்டைக் கட்டிக்கொண்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடக்கவேண்டியிருந்தது. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போன நாட்களும் உண்டு. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் வெளியிடத்தில் குடை விரித்த லைட்டை நிறுத்தவே முடியாது. அரிசிப் பையில் மண் நிரப்பிக் காலில் கட்டினாலும் சாய்க்கும். மூன்றாம் தவணையில் மழை வந்துவிடும். ஆகவே குழுப்படங்களையெல்லாம் இரண்டாம் தவணைக்குள் முடிக்கப் பார்ப்பேன்.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதுதான் புதியவருக்குப் பெரிய மலை. அதிபரைக் காண ஒரு கடிதமும், மாதிரிப் பிறின்ற் இரண்டும், விலை எழுதிய தாளும் கொண்டுபோங்கள். காலைக்கூட்ட நேரத்தில் போகவேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு பங்கு கேட்பார்கள். அது எழுத்தில் வந்து, பற்றுச்சீட்டோடு போனால் நான் மறுப்பதில்லை. ஓரிடத்தில் கையில் தரச்சொன்னார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் படம் இப்போது வேறு ஆள் எடுக்கிறார்.

2022ஆம் ஆண்டில் இந்தத் தொழில் அநேகமாக நின்றே போனது. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. போட்டோத் தாள், மை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை. தை மாதத்தில் பேசிய விலைக்கு வைகாசியில் பிறின்ற் போட வழியில்லை. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன வருடம் அது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்; வாகரைக்கு ஒருமுறை போய்வந்தால் அந்தக் கிழமை அநேகமாக முடிந்தது. அப்போதிருந்து விலைத்தாளில் ‘இத்தவணைக்கு மட்டும்’ என்று அடியில் எழுதுகிறேன்.

படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் வேலை பழகிய ஸ்ரூடியோவில் பெரியவர் பழைய நெகட்டிவ்களைப் பள்ளிக்கூடம், வருடம் எழுதிய காக்கி உறைகளில் போட்டு அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடி, டச்பார்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து வகுப்புப் படம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். வீட்டோடு அல்பமும் போனவர்கள். குழுப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்துக் கொடுத்ததாகச் சொல்வார். காசு வாங்கினாரா என்று நான் கேட்டதில்லை. மறுபக்கம், இன்றைக்கு ஒரு பெண்பிள்ளையின் படம் முகநூலில் போனால் யார் எடுத்து என்ன செய்வார்கள் என்று தெரியாது. அதனால் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன், இரண்டும் வெவ்வேறு வீட்டில். இணையத்தில் ஒன்றும் போடுவதில்லை, என் விளம்பரத்துக்கும்கூட. பெற்றோர் கேட்டால் சேர்விலக்கம் சொல்லவேண்டும், வேறு ஆளுக்குக் கொடுப்பதில்லை.

காசு கட்டாத பிள்ளைகளின் படத்தை என்ன செய்வது என்பதும் புதியவர்கள் கேட்கும் கேள்விதான். அச்சடித்து மூலையில் வைத்து என்ன பயன்? சின்ன அளவில் ஒன்றை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தச் செலவை மாணவத் தலைவர்களின் பெரிய லாமினேற் படம் தாங்கும்.

பிள்ளைகளை எடுப்பது இவ்வளவுதான். உண்மையான பரீட்சை, எல்லாம் முடிந்து ஆசிரியர் குழாம் படத்துக்கு இருக்கிற வாங்குகளை அடுக்கும்போதுதான் தொடங்கும். அதிபருக்கு வலப்பக்கம் பிரதி அதிபர், இடப்பக்கம் யார்? சேவைக்காலம் கூடியவரா, பகுதித் தலைவரா? நான் ஒரு நாளும் வாய் திறப்பதில்லை. பெயர்ப்பட்டியலை அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கி, அதிபரின் கையொப்பத்தோடு கெமரா முக்காலியில் கிளிப் பண்ணிவிட்டு, “சேர், லிஸ்ற்படி வாசிக்கிறன்” என்று மட்டும் சொல்வேன்.